உறுதியும் குத்தகையும்: கொட்டியாரத்து நிலமும் அந்நியரும்

பிறநாடொன்றில் வாழும் ஒருவன் அங்கு நிலத்தை அறுதியாக வாங்குவதா, குத்தகைக்கு எடுப்பதா என்ற வினா பெரும்பாலும் பணக் கணக்காகவே நோக்கப்படுகின்றது. விலை எவ்வளவு, வாடகை எவ்வளவு, வரி எவ்வளவு என்று கூட்டிக் கழித்து, இலாபமானதைத் தேர்ந்துகொள்வதோடு அவ்வினா முடிந்துவிடுவதாகக் கருதுவர். வரலாற்று மாணவனுக்கோ அது வேறு வடிவில் எழுகின்றது. அறுதி விற்பனையில் நிலம் முன்னை உடையவனை விட்டு முற்றாக நீங்குகின்றது. குத்தகையில் அது ஒருநாள் அவனிடம் மீளவேண்டியிருக்கின்றது. இந்த மீளும் உரிமையே இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடாகும். அவ்வாறாயின், அவ்வுரிமையை ஏட்டில் வைத்திருப்பது போதுமா, கேட்டுப் பெறும் வலிமையும் வேண்டுமா? இவ்வினாவைத் திருகோணமலை மாவட்டத்தின் கொட்டியாரப் பகுதியை நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, திருகோணமலையையும் மட்டக்களப்பையும் இணைக்கும் வீதியில் அமைந்துள்ளது கிளிவெட்டி என்னும் ஊர். வடக்கே மூதூரும், அதற்குக் கிழக்கே கடலோரமாகச் சம்பூரும், தெற்கே வெருகலும் உள்ளன. மகாவலியின் நீரால் வளம்பெறும் வயல்நிலம் இது. கப்பல்கள் தங்குவதற்கு வாய்ப்பான இயற்கைத் துறைமுகமொன்றின் அருகே இத்தகைய நெல்வயல்கள் அமைந்தமையால், இப்பகுதிக்கு அந்நியர் வருகை புதிதன்று. வந்தவர்கள் நிலத்தை எவ்வாறு பெற்றனர், எவ்வாறு விட்டகன்றனர் என்பதே நமக்கு வேண்டிய செய்தியாகும்.

முதலில், நிலத்தைப் பற்றிய நம்மவர் எண்ணம் யாதாக இருந்ததென நோக்குவாம். சோழர் காலத்தை ஒட்டியதெனக் கருதப்படும் நிலாவெளிக் கல்வெட்டு, கோணமாமலையிலிருந்த ஈசுவரத்துக்கு 250 வேலி நிலம் அளிக்கப்பட்டதைக் கூறுகின்றது. குளக்கோட்டன் பற்றிய மரபுகளும் கொட்டியாரம், கட்டுக்குளம் முதலிய பற்றுக்களின் நிலங்களைக் கோயிற் பணியோடு பிணைத்தே பேசுகின்றன. இத்தகைய மரபில் நிலம் வெறும் விலைப்பொருளாகத் தோன்றவில்லை. அதனை உண்பவன் ஒரு கடமையையும் சேர்த்தே ஏற்றான். யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலும் இவ்வெண்ணத்தின் மற்றொரு முகத்தைக் காணலாம். 1707 ஆம் ஆண்டளவில் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்சினால் தொகுக்கப்பெற்ற அவ்வழமையின்படி, காணியை விற்க விரும்பியவன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், காணியை ஈடாகப் பெற்றிருந்த அயலாருக்கும் முதலில் அறிவிக்கவேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் அவ்விற்பனை பகிரங்கப்படுத்தப்பட்டது. அவர்கள் வேண்டாம் என்ற பின்னரே நிலம் பிறனுக்குச் செல்லலாம். இந்த முன்வாங்கும் உரிமை பின்னர் 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினாலும் பேணப்பட்டது. ஆகவே, தேசங்களின் எல்லைகள் கடவுச்சீட்டுகளால் வரையறுக்கப்படுவதற்கு முன்னரே, ‘அந்நியன்’ என்ற சொல்லுக்கு நம்மிடையே ஒரு பொருள் இருந்தது. பங்கும் உறவும் அயலும் இல்லாதவனே அந்நியன்.

இனிக் கடல்வழி வந்த அந்நியரைப் பார்ப்போம். 1620 இல் டேனியர் இலங்கைக்கு வந்து, கண்டி மன்னன் செனரதனோடு உடன்படிக்கை செய்து, திருகோணமலையிற் கோட்டை அமைக்க முற்பட்டனர். அம்முயற்சி நிலைக்கவில்லை. ஆயின் அதே ஆண்டில், அதே கப்பற்படையினர் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் பெற்ற தரங்கம்பாடி நிலைத்தது. ஆண்டுதோறும் 3,111 ரூபா திறை செலுத்துவதென்ற நிபந்தனையின் பேரில் அவர்கள் அங்கே கோட்டை கட்டினர். அது விற்பனையன்று, வாடகை போன்றதோர் ஏற்பாடேயாகும். எனினும் 1845 இல் டேனிய அரசு தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சிராம்பூரையும் ஆங்கிலேயருக்குப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாவுக்கு விற்றது. வாடகைக்கு வந்தவர் வீட்டை விற்றுச் சென்றதை ஒத்த நிகழ்ச்சி இது. மீட்டுக் கேட்கவேண்டிய தஞ்சை அரசோ அக்காலத்தில் ஆட்சி வலிமையிழந்து, ஆங்கிலேயரின் உபகாரச் சம்பளத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது. மீளும் உரிமையைக் கேட்பதற்கு ஆளில்லாதவிடத்துக் குத்தகையும் அறுதியாகிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதற்கு மறுதலையானது றொபேட் நொக்சின் கதை. புயலினால் பாய்மரம் சேதமுற்ற ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், அதனைச் செப்பனிடுவதற்காகக் கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டது. 1660 இல் அதன் தலைவனும் மகனும் வேறு சிலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். மகனே றொபேட் நொக்ஸ். அப்பொழுது அவனுக்கு வயது பத்தொன்பது. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறையிருந்தான். அது ஊர்களிடையே நடமாட இடமளித்த சிறை. அக்காலத்தில் எலதெத்த என்னுமிடத்தில் ஒரு துண்டு நிலத்தை அவன் விலைக்கு வாங்கினான். விலை இருபத்தைந்து இலாரின். முதலில் அப்பகுதி அதிகாரியிடம் சென்று, தான் வாங்குவது முறையாகுமா என விசாரித்தான். பின்னர் ஓலையில் உறுதி எழுதப்பட்டது. ஊரின் மதிப்புக்குரிய ஏழெட்டுப் பேர் சாட்சியாயினர். பணம் கொடுத்து, உறுதியைப் பெற்று, நிலத்தைக் கைக்கொண்டான். 1681 இல் வெளியான தனது நூலில் இவற்றையெல்லாம் அவனே விரித்துரைத்துள்ளான்.

இந்நிகழ்ச்சி பலவகையிற் சிந்திக்கத்தக்கது. நாட்டை விட்டு வெளியேற அனுமதியற்ற ஓர் அந்நியன், அந்நாட்டில் நிலத்துக்கு உடையவனாகலாம் என்பதை அச்சமூகம் ஏற்றுக்கொண்டது. அவனது உறுதிக்கு வலுவளித்தது ஓலையா? ஊர்ச்சாட்சிகளும் அதிகாரியின் இசைவுமே அதற்கு வலுவளித்தன. எனினும் 1679 இல் தோழனொருவனோடு தப்பி, மன்னார்க் கரையிலுள்ள அரிப்பில் ஒல்லாந்தரை அடைந்தபோது, வாங்கிய நிலத்தை அவன் விட்டே செல்லவேண்டியிருந்தது. முழு உரிமையோடு வாங்கியவன் வெறுங்கையோடு நீங்கினான். தரங்கம்பாடியில் வாடகைக்கு இருந்தவரோ விற்றுப் பணம் கொண்டு சென்றனர். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கின், உறுதியின் பெயரைக் காட்டிலும் உறுதியை உடையவனின் பின்னால் நிற்கும் வலிமையே பெரிதென்பது புலனாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வலிமை சட்டத்தின் வடிவைப் பெற்றது. 1840 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இரு கட்டளைச் சட்டங்களை ஒருங்கே நோக்குதல் வேண்டும். ஒன்று 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். காணி விற்பனையும், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் நொத்தாரிசு முன்னிலையிற் சாட்சிகளோடு எழுதப்பட்டாலன்றிச் செல்லாதென அது விதித்தது. மற்றையது 12 ஆம் இலக்க முடிக்குரிய காணி அத்துமீறல் கட்டளைச் சட்டம். காடும் தரிசும், குடியிருப்போ பயிரோ இல்லாத நிலமும், மறுதலை நிறுவப்படும்வரை முடிக்குரியனவென அது அனுமானித்தது. முன்னது எழுத்தைக் கேட்டது. பின்னது எழுத்தில்லாதவனின் நிலத்தை அரசின் பக்கம் சாய்த்தது. சேனைப் பயிர் செய்து நிலத்தைச் சில ஆண்டுகள் ஓயவிடும் வழக்கமுடையோருக்கு இரண்டும் சேர்ந்து எத்துணை இடர் விளைத்திருக்கும் என்பதை உய்த்துணரலாம். அவ்வாறு முடிக்குரியதான மலைநாட்டு நிலம் ஏக்கர் 5 சிலிங் வீதம் பெருந்தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. 1844 இலேயே அவ்விலை 20 சிலிங்காக உயர்த்தப்பட்டது. வாங்கியோருட் பலர் அந்நியர். விற்றதும் அந்நிய அரசு. நாட்டார் அவ்விற்பனையில் எந்தப் பக்கத்திலும் இருக்கவில்லை.

தமிழர் அந்நியராய்ச் சென்று நிலம் கொண்ட நாடுகளும் உண்டு. பர்மாவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நெற்செய்கைக்குக் கடன் கொடுத்தனர். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்தபோது கடனாளிகளால் பணத்தைத் திருப்பமுடியவில்லை. ஈடு வைத்த நிலங்கள் செட்டியார் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930 இல் ஏறத்தாழ நூற்றுக்கு 6 ஆக இருந்த அவர்களின் நிலப்பங்கு, 1930களின் பிற்பகுதியில் நூற்றுக்கு 25 ஆயிற்று. சட்டப்படி ஒவ்வோர் ஏக்கருக்கும் உறுதி இருந்தது. ஆனால் 1937 இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. யப்பானியப் படையெடுப்பு அவர்களிற் பலரை வெளியேற்றியது. சுதந்திர பர்மா 1948 இல் நிலங்களைத் தேசியமயமாக்கும் சட்டத்தை இயற்றியது. அவர்களுடைய உறுதிகள் செட்டிநாட்டுப் பெட்டகங்களில் எஞ்சிய வெறுங் காகிதங்களாயின. பர்மியக் குடியானவனின் கண்ணில் நின்று பார்த்தால், நிலம் மீண்டதேயன்றிப் பறிக்கப்படவில்லை. நாம் இழந்த இடத்தில் அழுவதும், நம்மவர் கொண்ட இடத்தில் மௌனம் சாதிப்பதும் வரலாற்று நேர்மையாகா. அதனாலேயே இச்செய்தியை ஈண்டு எடுத்துரைத்தோம்.

சுதந்திர இலங்கையும் இதே அச்சத்தினின்று பாடம் கற்றது. 1963 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நிதிச் சட்டம், குடியுரிமையற்றவருக்குக் காணி கைமாறும்போது அதன் பெறுமதிக்குச் சமமான, அதாவது நூற்றுக்கு நூறு வரியை விதித்தது. விற்பனை தடைசெய்யப்படவில்லை; விலை இரட்டிப்பாக்கப்பட்டது. இடையிற் சிறிது காலம் நீக்கப்பட்ட அவ்வரி 2004 இல் மீண்டும் விதிக்கப்பட்டது. பின்னர் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிப் பராதீனப்படுத்தல் மட்டுப்பாட்டுச் சட்டம், 2013 சனவரி 1 முதல் வலுப்பெறும் வண்ணம், அந்நியருக்கும் அந்நியரின் பங்கு பாதியோ அதற்கு மேலோ உள்ள கம்பனிகளுக்கும் காணி விற்பதையே பொதுவாகத் தடுத்தது. தொடர்மாடியின் நான்காம் தளத்திலும் அதற்கு மேலுமுள்ள வீடுகள், நெருங்கிய உறவினரிடமிருந்து வழியுரிமையாக வருபவை, இரட்டைக் குடியுரிமை பெற்றோர் வாங்குபவை முதலியன விலக்களிக்கப்பட்டன. குத்தகை அனுமதிக்கப்பட்டது, அதன் எல்லை 99 ஆண்டுகள். குத்தகைமீது அச்சட்டம் விதித்த வரியும் பின்னர் 2017 ஆம் ஆண்டின் திருத்தத்தினால் நீக்கப்பட்டது. ஆகவே அந்நியனொருவன் இன்று இலங்கையில் ‘வாங்கவா, குத்தகை எடுக்கவா’ என வினவினால், நிலத்தைப் பொறுத்தவரை சட்டமே பெரும்பாலும் விடை கூறிவிடுகின்றது.

இச்சட்டம் கிளிவெட்டி போன்ற ஊர்களை எதிர்பாராத வகையிலும் தொடுகின்றது. போர்க்காலத்தில் இலண்டனுக்கும் கனடாவுக்கும் சென்று அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர், இரட்டைக் குடியுரிமை பெறாதவிடத்து, சட்டத்தின் கண்ணில் அந்நியரேயாவர். தந்தையின் வளவை அவர் வழியுரிமையாகப் பெறலாம். அவ்வளவுக்கு அடுத்த காணியை விலைக்கு வாங்க இயலாது. குத்தகைக்கு மட்டுமே எடுக்கலாம். தேசவழமை முதலுரிமை அளித்த பங்காளனையும் அயலானையும் நாட்டுச் சட்டம் அந்நியன் என்கின்றது. எவன் அந்நியன் என்பதை உறவினால் வரையறுத்த காலம் போய், கடவுச்சீட்டினால் வரையறுக்கும் காலம் வந்துள்ளது.

தனியாளுக்குச் சட்டம் இவ்வாறு இறுக்கமாயிருக்க, அரசுகளின் வழி வேறாயிருந்தது. 1947 நவம்பர் 11 ஆம் நாள் கையொப்பமான பாதுகாப்பு உடன்படிக்கையின்கீழ்ப் பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைச் சுதந்திரத்தின் பின்னும் வைத்திருந்தனர். 1957 அக்டோபர் 15 ஆம் நாள் அது இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அன்று இலங்கையரசு மீட்டுக் கேட்டது. கேட்பதற்கு அதற்கு வலிமையும் இருந்தது. சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுச்சென்ற எண்ணெய்க் குதங்களின் கதையோ நீண்டது. 1987 சூலை 29 இல் இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், இக்குதங்களைச் செப்பனிட்டு இயக்குதல் இரு நாடுகளின் கூட்டு முயற்சியாகும் எனக் குறிக்கப்பட்டது. 2003 இல் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கு 35 ஆண்டுக் குத்தகை என்ற அடிப்படையில் இணக்கம் ஏற்பட்டது. அதில் எதிர்பார்க்கப்பட்ட முறையான குத்தகை உறுதி நெடுங்காலம் எழுதப்படாமலே இருந்தது. ஆயினும் நிறுவனம் தன் பகுதியில் தொழில் நடத்திற்று. 2022 சனவரியிற் செய்யப்பட்ட புதிய ஏற்பாட்டின்படி 99 குதங்களில் 14 அந்நிறுவனத்துக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் ஐம்பதாண்டுக் குத்தகையாக ஒதுக்கப்பட்டன. கூட்டு நிறுவனத்தில் நூற்றுக்கு 51 பங்கு கூட்டுத்தாபனத்துக்குரியது.

இனி, அதே குடாவின் மறுகரையிலுள்ள சம்பூரை நோக்குவாம். 2006 இல் மூண்ட போரில் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். மட்டக்களப்புச் சென்று மீண்டவர்களிற் பெருந்தொகையினர் 2007 முதல் கிளிவெட்டியிலும் அயலூர்களிலும் அமைந்த இடைத்தங்கல் முகாம்களில் வாழ்ந்தனர். அவர்களின் நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. அந்நிலப்பகுதியில் 500 மெகாவாற்று அனல்மின் நிலையமொன்றை இந்தியத் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனத்தோடு சேர்ந்து அமைக்கத் திட்டமிடப்பட்டது. 2012 இல் 818 ஏக்கர் கனரகக் கைத்தொழில் முதலீட்டுக்கென வர்த்தமானி மூலம் ஒதுக்கப்பட்டது. சிலரிடம் நொத்தாரிசு உறுதி இருந்தது. சிலரிடம் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் அனுமதிப்பத்திரம் இருந்தது. சிலர் எல்லாப் பத்திரங்களையும் போரிற் பறிகொடுத்திருந்தனர். மூவருக்கும் கிடைத்த வாழ்விடம் ஒன்றே: தகரக் கூரையின்கீழ் ஒரு முகாம்.

இவ்விடத்திலேதான் நமது வினா தன் முழுப் பொருளையும் பெறுகின்றது. குடாவின் ஒரு கரையில், முறையான உறுதி எழுதப்படாமலே ஒரு நிறுவனம் நிலத்தில் நிலைத்திருந்தது. அதன் பின்னால் ஓர் அரசு நின்றது. மறுகரையில், உறுதி எழுதி வைத்திருந்த உழவன் தன் வயலைச் சில மைல் தூரத்திலிருந்தும் காணமுடியாதிருந்தான். அவன் பின்னால் எவரும் நிற்கவில்லை. அந்நியன் வாங்கினானா, குத்தகைக்கு எடுத்தானா என்பதற்கு முன்னர், அந்நிலத்தை ஒதுக்கியவர் அதன் உடையவரைக் கேட்டாரா என்ற வினா எழவேண்டும். உடையவனைக் கேளாது அளிக்கப்படும் குத்தகை, உடையவனைப் பொறுத்தவரை அறுதி விற்பனைக்கு வேறானதன்று.

எனினும் இக்கதை அத்தோடு முடியவில்லை. முகாம்களிலிருந்தவர்கள் வேறிடங்களிற் குடியேறுவதற்குக் காட்டப்பட்ட மாற்றுக் காணிகளை ஏற்க மறுத்து, தத்தம் நிலத்தையே ஆண்டுக்கணக்கிற் கேட்டனர். 2015 மே மாதத்தில் 818 ஏக்கருக்கான ஒதுக்கீடு சனாதிபதியால் நீக்கப்பட்டது. அதனை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்கும் எழுந்தது. ஆகத்து மாதத்தில் நிலம் மக்களிடம் கையளிக்கப்பட்டது. கடற்படையினர் வசமிருந்த 237 ஏக்கர் அடுத்த ஆண்டளவில் விடுவிக்கப்பட்டது. அனல்மின் திட்டமும் 2016 இற் கைவிடப்பட்டது. அதே ஆண்டில், போரினால் நிலத்தை விட்டகன்றோருக்கு எதிராகப் பத்தாண்டு ஆட்சியைக் காட்டிப் பிறர் உரிமை கோருவதைத் தடுக்கும் சிறப்புச் சட்டம், 5 ஆம் இலக்கமாக நிறைவேறியது. 2025 ஏப்பிரல் 5 ஆம் நாள் சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆகவே அந்நிய முதலீடும் குத்தகையும் அவ்வூர்க்கு இன்னும் அயலானவையல்ல.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? அந்நியனுக்கு நிலத்தை விற்பதினும் குத்தகைக்குக் கொடுப்பது நன்றென நம் சட்டம் கருதுவது பொருத்தமே. மீளும் உரிமை நம்மிடமே எஞ்சுகின்றது. ஆனால் 99 ஆண்டுகள் என்பது மூன்று தலைமுறை. 1898 இல் ஆங்கிலேயர் சீனாவிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற ஹொங்கொங்கின் புதிய நிலப்பகுதி 1997 இல் மீண்டது. மீட்டுக் கேட்கும் வலிமையுள்ள சீனா அன்று இருந்தது. 2017 இல் 99 ஆண்டுகளுக்குக் குத்தகையாக்கப்பட்ட அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை மீட்டுக் கேட்கவேண்டியவர் இன்னும் பிறக்கவில்லை. குத்தகை என்பது எதிர்காலத் தலைமுறையொன்றின்மேல் நாம் வைக்கும் நம்பிக்கையாகும். அத்தலைமுறைக்கு நிலத்தின் பெயர்களும் எல்லைகளும், எவர் எதனை உழுதார் என்ற நினைவும் கையளிக்கப்படாவிடின், குத்தகை முடியும் நாளில் வாயிலில் நின்று கேட்க ஆளிராது.

கிளிவெட்டி முகாமில் வாழ்ந்தவர்கள் நிலத்தை மீளப் பெற்றது உறுதியின் வலிமையால் மட்டுமன்று. யார் வளவு எங்கே, யார் கிணறு எங்கே என்பதை அவர்கள் மறவாமல், கேட்பதையும் நிறுத்தாமல் இருந்தமையாலேயாம். நொக்சின் ஓலைக்கு ஏழெட்டு ஊர்ச்சாட்சிகள் போதுமாயிருந்தது. இன்று கச்சேரியும் நொத்தாரிசும் நில அளவைத் திணைக்களமும் உள்ள காலத்திலும், ஊரே தன் நிலத்துக்கு முதற் சாட்சியாக நிற்கவேண்டியிருக்கின்றது. ஊர்தோறும் காணிகளின் பெயர்களையும் எல்லைகளையும் கைமாறிய வரலாற்றையும் முதியோர் உள்ளபோதே எழுதிவைத்தல், பல்கலைக்கழக மாணவர் மேற்கொள்ளத்தக்க பணிகளுள் ஒன்று. வாங்குவோரும் குத்தகைக்கு எடுப்போரும் இனியும் இத்துறைக்கு வருவர். அவர்கள் வரும்போது, நிலம் எவருடையதென்ற வினாவுக்கு விடை நம் கையில் எழுத்தாய் இருத்தல் வேண்டும்.